பட்டி பூசிய விரிசல்

விலைக்குப் பார்க்க வந்த வீடு முழுக்கப் பூட்டிக் கிடந்த வாடை. அந்த ஒரு படுக்கையறையில் மட்டும் புதுப் பெயின்ட் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். பட்டி பூசி மறைத்தும் மறையாத கோடு ஒன்று சீலிங்கின் மூலையிலிருந்து மின்விசிறிக் கொக்கி வரை ஓடியது.

"இது என்ன?"

"வெறும் பூச்சு விரிசல் மேடம். வெயிலுக்கு எல்லா வீட்லயும் வர்றதுதான்" என்றார் தரகர்.

"அதான் சொல்றாரே" என்றான் கணவன். "எல்லாம் பேசி முடிச்சாச்சு. நீ சும்மா நோண்டிக்கிட்டே இருக்காத."

பேசி முடிச்சாச்சாம். யாரைக் கேட்டு? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது இருக்கும் வாடகை வீட்டில், போன மழைக்கு, மகளின் தலையணை மேல் காரை பெயர்ந்து விழுந்தது. பிள்ளை முகம் கழுவப் போயிருந்ததால் பிழைத்தாள். அதற்கு முதல் நாளே அங்கிருந்த விரிசலைக் காட்டியபோது, இதே மனிதன்தான் அலட்சியமாகத் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

பெயின்டர் விட்டுப்போன ஸ்டூலில் ஏறி, கோடு முடிந்த இடத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டாள். பிறகு விடுவிடுவென்று மொட்டை மாடிக்குப் போனாள். வெயிலில் காய்ந்து கிடந்த தளத்தில் மயிரிழை விரிசல்கூட இல்லை. ஆனால் செருப்பைக் கழற்றி நின்றபோது, தூக்கத்தில் யாரோ பல்லை நறநறவென்று கடிப்பதுபோல், காலடியில் ஏதோ மெல்ல அரைபட்டுக்கொண்டிருந்தது.

இறங்கி வந்து பார்த்தாள். கோடு அவள் குறியைத் தாண்டி ஒரு சாண் போயிருந்தது.

"யாரு ஸ்டூல்ல ஏறிக் குறிய மாத்தினது?"

"யாரும் ஏறல. நீதான் தப்பாப் போட்டிருப்ப."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெயின்ட் பொருக்குகள் உதிர்ந்தன. கோடு எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்து, அவன் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. அவன் எரிச்சலோடு ஹாலுக்கு நடந்தான். அதுவும் நிலைப்படிக்கு மேலே நெளிந்து, அவன் பின்னாலேயே போனது. தரகர் அதைப் பார்த்துவிட்டார். சாவியைக் கீழே போட்டார். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினார்.

"மேல பாருங்க!" அவள் கத்தினாள். "ஒரே ஒரு தடவையாச்சும் நான் காட்டுறதைப் பாருங்களேன்!"

"கத்தாத. அக்கம்பக்கத்துல கேக்கப் போகுது."

அவன் பார்க்கவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கோடு சுவரில் இறங்கியது. தரைக்கு வந்தது. அவன் குதிகாலைத் தொட்டது.

அவள் பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஆள் அசையவில்லை. சுவரை இழுப்பதுபோல் இருந்தது. அந்த நறநற சத்தம் இப்போது அவனுக்குள்ளிருந்து கேட்டது.

மெல்லத் திரும்பினான்.

நெற்றியில் மெல்லிய கோடு. தூசியாக இருக்கும். இருக்க வேண்டும். கட்டைவிரலால் துடைத்தாள்.

விரல் உள்ளே போனது.

உள்ளே ஈரமில்லை. சூடில்லை. பொடி.

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வெள்ளைத் தூள் கொட்டியது. சட்டை மேல், அவள் கை மேல், நிற்காமல் கொட்டியது. கண்கள் மட்டும் உயிரோடு அவளையே பார்த்தன, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக, மெல்ல மெல்ல விலகிக்கொண்டே.