ஒதுங்கி நிற்காதவர்

கதவைத் தட்டியதும் உள்ளே யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. செங்கல்லால் கட்டிய மேடைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒருவர் காலைத் தொங்கவிட்டு, துணிச் செருப்பைக் காலாலேயே துழாவி, ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டு எழுந்தால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான். வென்லான் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

விடுதி அறைக்குள் போகும் முன் கதவைத் தட்ட வேண்டும். தட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கி, உள்ளே இருப்பது எதுவானாலும் அது வெளியேற வழிவிட வேண்டும். வென்லானுக்கு இது பல் துலக்குவது போன்ற பழக்கம். அவள் கணவர் பெய்ஷெங்குக்கோ, பெண்டாட்டியைச் சீண்டுவதற்கென்றே கிடைத்த வரம். சீனாவின் சியான் நகரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, சுற்றுலாக் குழுவை அன்று மாலைதான் பிங்யாவ் என்ற பழைய கோட்டை நகரத்துக்குள் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். விடுதியாக மாறியிருந்த அந்தப் பழைய வணிகர் வீட்டில் பெய்ஷெங்கே முந்திக்கொண்டு தட்டினார். சாவியைத் திருப்பிவிட்டு, இரண்டு கைகளையும் நிலையில் ஊன்றி, வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றார்.

"வாடகைக்கு ஆள் வந்தாச்சு, காலி பண்ணுங்கப்பா. எங்க, என்னைத் தாண்டிப் போங்க பாப்போம்," என்றார். "பாத்தியா கிழவி, ஒருத்தரையும் காணோம்."

"தள்ளி நில்லுய்யா கிழவா," என்று வென்லான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் முழங்காலால் கதவைத் தள்ளினார். பழைய மரமும் வினிகரும் கலந்த ஒரு வாசனை இருட்டிலிருந்து மெல்லக் கிளம்பி வந்தது. அவர் மார்பு வரை வந்து நின்றுவிட்டது. பின்னால் நின்றவளுக்கு அது எட்டவே இல்லை. அவர் ஒரு தரம் இருமினார். அப்புறம் பேச்சே இல்லாமல் உள்ளே போனார்.

வசந்தத்தில்தான் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பிழைத்து எழுந்தால் பழைய நகரங்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்று மருத்துவமனையில் வென்லான் கொடுத்த வாக்குதான் இந்தப் பயணம். அப்பாவை முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று மகள் ரயிலடியிலேயே அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அதனால் இரவுச் சாப்பாட்டின்போது அவர் செய்ததைப் பார்த்து வென்லானுக்கு முதலில் நினைவு வந்தது பேயல்ல, அவருடைய இதயம்தான்.

அவர் சாங்ஷாக்காரர். மிளகாய் இல்லாமல் கஞ்சிகூடத் தொண்டையில் இறங்காது என்று ஊர் ஊராகச் சொந்த ஊறுகாய் பாட்டிலைச் சுமந்து வந்த மனிதர். அந்த பாட்டிலை ஒற்றை விரலால் நகர்த்தி வைத்துவிட்டு, மேசையில் இருந்த அந்த ஊர் வினிகரை நூடுல்ஸ் மூழ்கும் மட்டும் ஊற்றி, கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தார். நெஞ்சு வலிக்கிறதா என்று அவள் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க அம்மணி," என்றார்.

கிண்டலோ என்று அவர் கண்ணைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. வழியில் பார்த்த பெண்ணுக்குக் கொடுக்கும் மரியாதை அது.

அன்று இரவு அவர் குறட்டை விடவில்லை. விடியும் நேரத்தில் எங்கோ மெல்லத் தட்டும் ஓசை கேட்டது. கதவுப் பக்கம்தான். ஆனால் கதவின் உட்புறம். வெந்நீர்க் குழாயாக இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

காலையில் வழிகாட்டிப் பெண் ஷியாவ்மான் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒரு பழைய அடகுக்கடைக்குள் நுழைந்ததும் பெய்ஷெங் அவளையே முந்திவிட்டார். எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒரு இடத்திலும் தயங்கவில்லை. பின்கட்டு வாசலில், சமதளமான தரையில், முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்கி எதையோ தாண்டிப் போனார்.

ஷியாவ்மான் சிரித்தாள். போன வருடம் பழுது பார்த்தபோதுதான் அங்கிருந்த உயரமான வாசற்படியை எடுத்தார்கள், மாமா முன்பே வந்திருக்கிறாரா என்று கேட்டாள். அவர் இந்த ஊருக்கு வந்ததே இல்லை.

மதியம் பேருந்து லுவோயாங் நகரத்தை நோக்கிக் கிளம்பியது. வென்லானுக்கு ஜன்னலோர இருக்கை, பக்கத்தில் அவர். கோட்டைச் சுவர் கண்ணிலிருந்து மறைந்த பிறகு ஷியாவ்மான் கைப்பேசியோடு அவர்களிடம் வந்தாள்.

"அத்தை, விடுதிக்காரம்மா பேசறாங்க. உங்க ரூம்ல உள்ள இருந்து யாரோ தட்டறாங்களாம். தொறந்து பாத்தா ஆளே இல்லையாம். மூடினா மறுபடி தட்டுதாம்."

வென்லான் கைப்பேசியை வாங்கினாள். விடுதிக்காரம்மாவிடம் கைப்பேசியைக் கதவுகிட்ட வைக்கச் சொன்னாள்.

தட்டும் ஓசை. கொஞ்சம் அமைதி. மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அவளுக்குப் பழகிய குரல்.

"கிழவி... எங்கடி போன? கதவைத் தொற கிழவி."

பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு கைப்பேசியை அணைத்தது.

"நம்ம வீட்டுக்குப் போவோங்க அம்மணி," என்றார் அவர், தணிந்த குரலில். "பொண்ணு காத்துக்கிட்டிருப்பா இல்லையா."

வண்டியை நிறுத்தச் சொல்ல அவள் எழுந்தாள். கீழே, இருக்கைக்கடியில், கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை இரண்டு கால்கள் துழாவின. ஒன்று மாட்டியது. அப்புறம் இன்னொன்று. நேற்று அந்தக் கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சத்தம்.

அவர் எழுந்தார். முன்னிருக்கையில் ஒரு கை. பின்னிருக்கையில் ஒரு கை. வழியை முழுதாக அடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தபடி நின்றார்.