தாழைக் குடியிருப்பில் ஒரு கசிவு

செவ்வாய் கிரகத்தின் தாழைக் குடியிருப்பில் அன்று காலை நிறைமதி அரிசி களைந்த தண்ணீர், முந்தாநாள் மேல்வீட்டு சபீனா அக்கா குளித்த தண்ணீர். அதற்கு முன் அது பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூத்திரமாக இருந்தது. யாரும் முகம் சுளிப்பதில்லை. குடியிருப்பு தொடங்கிய அன்று ஊற்றிய அதே தண்ணீர்தான் குழாய், மனிதர், வடிகால், வடிகட்டி என்று ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுநீர் என்று அதற்குப் பெயர். சுவர்களுக்குள்ளும் அதுவே வெந்நீராக ஓடி, வெளிக் குளிர் உள்ளே வராமல் காத்தது.

எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று நீர்க்கணியன் என்னும் கணிப்பொறி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்சம் முன்பின்னாகலாம். குடித்தவர் வியர்த்து, அந்த ஈரத்தைக் காற்றிலிருந்து பிடித்து மீட்பதற்கு நேரமாகும் அல்லவா? ஆனால் போனது திரும்பவே இல்லையென்றால், அதற்கு நீர்க்கணியனுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று: கசிவு.

வடிகட்டியைக் கழுவப்போவதால் சற்று நேரம் தண்ணீர் மெதுவாக வரும் என்று ஓர் அறிவிப்பு வந்தது. அதையடுத்துத்தான் கணக்கு இடித்தது. நீர்க்கணியன் உடனே கசிவு எச்சரிக்கை விடுத்தது. மறுநாள் கசிவு கூடியது. மீண்டும் எச்சரிக்கை. மீண்டும் கூடியது.

அதனால்தான் இப்போது நிறைமதியின் குளியலறைச் சுவருக்குள் நெளியன் இருந்தது. விரல் பருமனில், குழாய்க்குள் ஊர்ந்து செல்லும் எந்திரம் அது. குழாயில் ஓட்டை விழுந்தால் அழுத்தத்தில் நீர் சீறிக்கொண்டு வெளியேறும். மனிதக் காதுக்கு எட்டாத அந்தச் சீறல் நெளியனுக்குக் கேட்கும். இன்று எதுவும் கேட்கவில்லை. ஆகவே சந்தேகப்பட்ட இடங்களையெல்லாம் துளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் எத்தனை ஓட்டை போடுவ? இது சுவரா, இடியாப்ப அச்சா?" என்று நெளியனிடம் கேட்டாள் நிறைமதி.

"பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. இந்த இணைப்பும் உலர்ந்துதான் இருக்கிறது," என்றது சுவர்.

காற்றுப்போக்கி வழியாக சபீனாவின் குரல் இறங்கியது. "நிறை, உன் வீட்லதான் ஒழுகுதுன்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"அக்கா, ஒழுகினா மேலேருந்துதான் கீழ வரும். கீழேருந்து எப்படிக்கா மேல போகும்?"

"இது செவ்வாய்டீ. இங்க எது வேணா எங்க வேணா போகும்."

பராமரிப்பு அதிகாரி லூர்துராஜ் தலையெல்லாம் சுவர்த் தூளாக எட்டிப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா இந்த அடுக்கையே மூடிருவாங்கம்மா. சுவர்ல தண்ணி குறைஞ்சா உறைஞ்சிரும். உறைஞ்சா சுவர் பிளந்துக்கும். எல்லாரும் பொதுக்கூடத்துக்குப் போயிரணும்."

நிறைமதி கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பொதுக்கூடத்தில்தான் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் அவளும் கணவனும் குடித்தனம் நடத்தினார்கள். கதவு உள்ள வீடு போன வருஷம்தான் கிடைத்திருந்தது. "எல்லா சுவரையும் உடைங்க சார். வீட்டை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்," என்றாள்.

நெளியன் ஆர்வமாகத் துளைத்தது. படுக்கையறை அலமாரிக்குள் போய்த் தலை நீட்டியது. உடனே மணி அடித்தது.

"தண்ணீர் கண்டறியப்பட்டது."

லூர்துராஜ் ஓடிப்போய் அலமாரியைத் திறந்தார். புடவைகளுக்குப் பின்னால் பிரியாணி அண்டா, குக்கர், வெந்நீர்ப் பை, கவிழ்த்து வைத்த விண்கவசத் தொப்பி. எல்லாம் விளிம்புவரை நிறைந்திருந்தன.

"என்னம்மா இது?"

"அது… ஒரு அவசரத்துக்கு."

"என்ன அவசரம்?"

"தண்ணி வராமப் போயிட்டா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நெளியன் மேல்வீட்டுக்குப் போனது. அங்கே தொட்டிலுக்கடியில் மணி அடித்தது. பக்கத்து வீட்டில் பூஜை மாடத்தில் அடித்தது. முதல் அறிவிப்புக்கு வீட்டுக்கு ஒரு பாத்திரம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அது திரும்பாததால் எச்சரிக்கை வந்திருக்கிறது. எச்சரிக்கையைக் கேட்டு இன்னும் பிடித்திருக்கிறார்கள். எந்தக் குழாயிலும் ஓட்டை இல்லை.

"எல்லாத்தையும் வடிகால்ல ஊத்துங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும். உங்க வீடும் தப்பிச்சிரும்."

"ஊத்தறேன் சார். முதல்ல மேல்வீட்ல ஊத்தட்டும்."

"கீழ ஊத்தற சத்தம் எனக்குக் கேக்கட்டும், நான் ஊத்தறேன்," என்றது காற்றுப்போக்கி.

லூர்துராஜுக்குப் பொறுமை போயிற்று. ஒலிபெருக்கியில் குடியிருப்பு முழுவதற்கும் அறிவித்தார்: "பிடித்து வைத்த தண்ணீரை உடனே வடிகாலில் ஊற்றவும். தவறினால் மாலையில் தண்ணீர் அடியோடு நின்றுவிடும்."

முதல் வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை. மேலும் கீழும் குழாய்கள் திறக்கும் ஓசை சுவரெங்கும் ஓடியது.

"கேட்டீங்களா சார்? எல்லாரும் பிடிக்கறாங்க! என்ன ஜனங்களோ!" என்று பல்லைக் கடித்தாள் நிறைமதி. மீதமிருந்த ஒரே பாத்திரமான காபி டம்ளரைக் குழாயடியில் பிடித்திருந்தாள். அது பாதிகூட நிறையவில்லை. குழாய் இருமிவிட்டு நின்றது.

மாலையில் அடுக்கின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குடும்பங்கள் வரிசையாகப் பொதுக்கூடத்துக்கு நடந்தன. துணிமணியைப் பலர் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இடுப்பில் குடம், தலையில் அண்டா, கையில் வாளி. அடுக்கு இழந்த தண்ணீர் முழுவதும் அந்த நடைபாதையில் நடந்து போய்க்கொண்டிருந்தது.

"பாத்துடீ, தளும்புது," என்றாள் முன்னால் போன சபீனா.

நிறைமதி மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பொதுக்கூடம் போய்ச் சேரும்வரை யாரும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.