விழும் என்று சொல்லக்கூடாது

ஒன்பதாம் பிரிவை அமைச்சர் பூங்காவனம் வாசிக்கத் தொடங்கியதும், பார்வையாளர் மாடத்தில் ஜெசிந்தா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

“உரிமம் பெறாத எவரும், ஒரு கட்டடம் விழும் என்றோ நிற்கும் என்றோ சொல்லலாகாது. சொன்னவருக்கு ஆயுள் முழுதும் உரிமம் மறுக்கப்படும். அந்தச் சொல்லை நம்பிக் கட்டடத்தைக் காலி செய்பவருக்கும் அபராதம் உண்டு.”

“அடடா, திருக்குறள் மாதிரி இருக்கே!” என்றான் பக்கத்தில் இருந்த ஷாகுல். “எழுதின கைக்குத் தங்க வளையல் போடலாம், தலைவி.”

“வாயை மூடுடா. வாக்கெடுப்பு முடியட்டும்.”

எழுதிய கை ஜெசிந்தாவுடையதுதான். காவிரி மாநில வீட்டுச் சோதகர் சங்கத்துக்கு அவள் தலைவி, ஷாகுல் செயலாளர். சுவர்ச்செவி வந்த பிறகு சோதகர்களுக்கு வந்த மவுசு கொஞ்சநஞ்சமல்ல. உள்ளங்கை அகலக் கருவி அது. சுவரில் ஒட்டி, பக்கத்தில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் போதும். உள்ளே போய்த் திரும்புகிற ஓசையைக் கேட்டு, எங்கே கம்பி துருப்பிடித்திருக்கிறது, எங்கே கலவையில் மணல் கூடியிருக்கிறது, இன்னும் எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்லிவிடும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட ஒரு சோதகரைக் கூட்டிக்கொண்டுதான் போனார்கள்.

மவுசு இருக்கிற இடத்தில் போலி வராமல் இருக்குமா? கைபேசியைச் சுவரில் வைத்து “விழப்போகுது, ஓடுங்க!” என்று கத்துகிற போலிச் செவிக்காரர்கள் தெருவுக்குத் தெரு முளைத்தார்கள். ஓர் அடுக்குமாடியில் அப்படிக் கத்தியதில், மாடிப்படி நெரிசலில் மூன்று உயிர் போனது. கட்டடம் இன்றைக்கும் கல்லுக்குண்டாட்டம் நிற்கிறது.

அன்று ஜெசிந்தா கிளம்பினாள். எத்தனை அமைச்சர் வீட்டு வாசல்! உரிம வாரியத்தில் பாதி நாற்காலி கட்டுமான முதலாளிகளுக்கு வேண்டும் என்று பூங்காவனம் பேரம் பேசியபோது, பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். பதிலுக்கு ஒன்பதாம் பிரிவையும், மாநிலத்தின் முதலாம் எண் உரிமத்தையும் கேட்டு வாங்கினாள். முதலாம் எண்! சட்டகத்தில் மாட்ட, வரவேற்பறைச் சுவரில் ஆணிகூட அடித்தாகிவிட்டது.

எதிர்க்கட்சித் தலைவர் மதியரசு எழுந்து துண்டை உதறினார். “வீடு பத்தி எரியுது, தண்ணி கொண்டாங்கன்னு கத்தறதுக்கும் இனிமே உரிமம் கேப்பீங்களா?”

ஆளுங்கட்சி வரிசை சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள்.

“ஆம் என்போர் அதிகம். மசோதா நிறைவேறியது,” என்றார் பேரவைத் தலைவர் குழந்தைவேலு.

அடுத்த கணம் மேசைகள் அதிர்ந்தன. முதல்வர் மெல்லத் தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்த அமைச்சர்கள் பலமாகத் தட்டினார்கள். அமைச்சர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக உறுப்பினர்கள் இரண்டு கையாலும் அடித்தார்கள். தடதடதடவென்று, நூறு சுத்தியல் ஒரே நேரத்தில் விழுந்த மாதிரி!

ஜெசிந்தாவுக்கு முன்னால் இருந்த சுவர்ச்செவி துள்ளியது.

பழக்கதோஷத்தில் அதை மாடத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அரசுக் கட்டடத்தைச் சோதிக்கத் தனி அனுமதி வேண்டும். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. தலைநகர் புதுவல்லத்தின் இந்தப் புத்தம்புதுப் பேரவையை ஒரு சோதகரும் தட்டிப் பார்த்ததில்லை. இன்று மக்கள் பிரதிநிதிகளே தட்டிவிட்டார்கள்.

திரை சிவந்தது. கிழக்குத் தூண். உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. கெடு என்ற இடத்தில் ஆண்டு இல்லை, மாதம் இல்லை. “இன்றே.”

“ஷாகுல்...”

அவன் எட்டிப் பார்த்த அடுத்த நொடி திரை வெளுத்தது. ஆளுநரின் கையொப்பத்தை இயந்திரமே போடுகிற காலம் அது. சட்டம் அந்த நொடியே அமலுக்கு வந்துவிட்டது. ‘உரிமம் இல்லை. செவி மூடப்பட்டது.’ அந்த ஏற்பாட்டைச் செய்யச் சொன்னவளும் அவள்தான்.

“பாத்தியா?”

“பாத்தேன்,” ஷாகுலின் முகத்தில் ரத்தமே இல்லை. “கத்திடலாமா?”

“கத்தினா காவலர் நம்ம ரெண்டு பேரையும் தூக்கி வெளியே போடுவாங்க. ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டாங்க. எழுந்தா அபராதம். நம்மளுக்கு ஆயுள் தடை.”

“மாநிலத்துல உரிமம் இருக்கிற ஒருத்தரைக் கூப்பிடுவோம்.”

“யாரைடா கூப்பிடுவே? முதல் தேர்வே மூணு மாசம் கழிச்சுத்தான்!”

அவள் எழுந்து ஓடினாள். படியிறங்கும்போதே யோசனை பளிச்சிட்டது. கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இந்தச் சபையைக் காலி செய்ய வழி இருக்கிறது!

கீழே தாழ்வாரத்தில் மதியரசு காப்பி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, உடனே வெளிநடப்பு செய்யுங்க.”

“ஏம்மா, நீ கேட்ட சட்டம்தானே நிறைவேறிச்சு? உனக்காக நான் எதுக்கு நடக்கணும்?”

“காரணம் கேக்காதீங்கண்ணே.”

“காரணம் இல்லாம நடந்து நடந்து எனக்கு மூட்டு தேஞ்சதுதான் மிச்சம்.” சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். “கட்டடமா?”

“அதைச் சொல்ல எனக்கு உரிமம் இல்லை.”

மதியரசு காப்பிக் கோப்பையை அப்படியே தரையில் வைத்துவிட்டு உள்ளே பாய்ந்தார். “ஜனநாயகப் படுகொலை! சர்வாதிகாரச் சட்டம்! எங்கள் கட்சி வெளிநடப்பு செய்கிறது!” எதற்கு என்று தெரியாமலே எதிர்க்கட்சி வரிசை மொத்தமும் கோஷம் போட்டபடி பின்னால் போனது.

பாதிச் சபை தப்பியது. ஆனால் மீதிப் பாதி என்ன செய்தது? எதிரிகள் ஓடுகிற ஆனந்தத்தில் மறுபடி மேசையைத் தட்டியது!

கிழக்கு மூலையில் பொடிப்பொடியாகச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

அவள் பின்னாலேயே இறங்கி வந்த ஷாகுல் நேரே பூங்காவனத்தின் உதவியாளர் காதில் போய் விழுந்தான். “சார், வாசல்ல எல்லா சேனல் காமிராவும் மதியரசு மேலதான். முதல்வரைப் பத்தி என்னென்னமோ சொல்றாரு. நேரலை!”

உதவியாளர் அமைச்சரிடம் சொன்னார். அமைச்சர் முதல்வரிடம் குனிந்தார். முதல்வர் புருவத்தைத் தூக்கினார், எழுந்தார். அவ்வளவுதான். முதல்வர் எழுந்த பிறகு உட்கார்ந்திருக்க யாருக்குத் துணிச்சல்? மொத்த ஆளுங்கட்சியும் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடியது. மாடமும் வேடிக்கை பார்க்கக் காலியானது. சபை ஊழியர்களை மதியரசின் ஆட்கள் பேச்சுக் கொடுத்தே வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஜெயித்துவிட்டோம் என்று திரும்பினாள் ஜெசிந்தா. உயர்ந்த ஆசனத்தில் குழந்தைவேலு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விதி தவறாத மனிதர். காய்ச்சலோடும் சபை நடத்தியவர்.

அவள் சபைக்குள் கால் வைத்தாள். உறுப்பினரல்லாதவர் அங்கே நுழைவதே குற்றம். “ஐயா, வெளியே வாங்கய்யா.”

“யாரம்மா நீ? சபை நடந்துகொண்டிருக்கிறது.”

“சபையில ஆளே இல்லையேய்யா!”

“அப்படியா?” அவர் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். “குறைந்தபட்ச வருகை இல்லை. விதிப்படி மணி அடிக்க வேண்டும். அத்தனை பேரும் உள்ளே வந்தாக வேண்டும்.”

அவருடைய விரல் மணிப் பொத்தானை நோக்கிப் போனது.

அந்த மணி அடித்தால் அத்தனை பேரும் திரும்ப உள்ளே. ஜெசிந்தாவின் கண் முன்னால் முதலாம் எண் ஒரு தரம் மின்னி மறைந்தது.

“அடிக்காதீங்க!” என்று அலறினாள். “கிழக்குத் தூண் முறியுது! இந்தக் கூரை இப்போ விழப்போகுது!”

விரல் அந்தரத்தில் நின்றது. “உனக்கு உரிமம் இருக்கிறதா?”

“இல்லை!”

மேலே ஏதோ படீரென்று வெடித்தது. குழந்தைவேலுவின் வழுக்கைத் தலையில் ஒரு காரைத் துண்டு விழுந்தது. “சபை ஒத்திவைக்கப்படுகிறது!” என்று ஒலிவாங்கியில் முறைப்படி அறிவித்துவிட்டுத்தான் மனிதர் குதித்தார். இருவரும் வாசல்படியைத் தாண்டியதும், முதுகுக்குப் பின்னால் பூமி உறுமியது. கிழக்குக் கூரை முழுதாக உள்ளே இறங்கியது.

புழுதி அடங்கியபோது ஒருவருக்கும் கீறல் இல்லை. மதியரசும் பூங்காவனமும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல்வர் ஜெசிந்தாவின் கையைப் பற்றினார். “உசுரைக் காப்பாத்திட்டியேம்மா!”

குழந்தைவேலு தொண்டையைக் கனைத்தார். “நன்றி வேறு, விதி வேறு. இந்த அம்மையார் சொன்னது ஒலிவாங்கியில் பதிவாகிவிட்டது. ஒன்பதாம் பிரிவு.”

“அவங்க சொன்னது நிஜமாச்சேய்யா?” என்றார் முதல்வர்.

“நிஜமாக இருந்தால் விலக்கு என்று சட்டத்தில் இல்லை.”

இல்லைதான். வரைவில் ‘பொய்யாக’ என்று ஒரு சொல் இருந்தது. பொய் என்று நிரூபிக்க வருஷக்கணக்காகும் என்று அதை அடித்தவளே ஜெசிந்தாதான். ஆயுள் தடை அங்கேயே, வாசல்படியிலேயே பிறந்தது.

“எதிரே இருக்கிற நூலகத்துல இப்பவே கூடுவோம்,” என்றார் முதல்வர். “சட்டத்தைத் திருத்திடுவோம்.” இரண்டடி வைத்தவர் நின்றார். நூலகத்தை அண்ணாந்து பார்த்தார். “அது... தாங்குமில்ல?”

மாடத்திலிருந்து வந்திருந்த சங்கத்துச் சோதகர்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லாக் கண்களும் ஜெசிந்தாவிடம் வந்து நின்றன. ஆயுள் தடையை இரண்டாம் முறை விதிக்க முடியாதே! அந்த மாநிலத்தில் வாய் திறக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

“தாங்கும்,” என்றாள். “நான் கட்டும்போதே பாத்த கட்டடம்.”

கூட்டம் நிம்மதியாக மூச்சுவிட்டது. ஷாகுல் அதைக் கவனித்தான். கை தூக்கினான். “ஐயா, அதோ அந்த அஞ்சலகமும் தாங்கும்! எனக்கும் உரிமம் இல்லை! எழுதிக்குங்க!”

நூலகத்தில் திருத்தத்தைப் பற்றிப் பேசி முடிக்கவில்லை, சாயங்காலத்துக்குள் ஊர் மாறிவிட்டது. வீடு வாங்குகிறவர்கள் சோதகரிடம் கேட்ட முதல் கேள்வி, “நீங்க தடை வாங்கினவரா?” என்பதுதான். ஆயுளையே பணயம் வைத்து உண்மை சொன்னவன் பொய் சொல்லமாட்டான் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. செவி மூடினாலும் வாய்ச்சொல் போதும் என்று, ஜெசிந்தா அலுவலக வாசலில் கார்கள் வரிசை கட்டின. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. உரிமமாவது மண்ணாவது!

அப்போதுதான் ஷாகுல் மூச்சிரைக்க ஓடி வந்தான். “தலைவி, காவல் நிலையத்துல தடை வாங்க ஒரே கூட்டம்! போலிச் செவிக்காரன் மொத்தப் பேரும் வரிசையில நிக்கிறான். ‘இந்த ஸ்டேஷன் விழும்’னு ஏட்டு முகத்துக்கு நேரா கத்திட்டு, தடைச் சீட்டை வாங்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கான்!”

“என்னது?” ஜெசிந்தா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. “கண்டவனுக்கெல்லாம் தடை கொடுத்தா என்னடா அர்த்தம்? இதுக்குன்னு ஒரு வாரியம் வேணும், ஒரு தேர்வு வேணும். தகுதி இருக்கிறவனுக்குத்தான் தடைன்னு சட்டம் வரணும். வண்டியை எடு, பூங்காவனம் வீட்டுக்கு!”