காரணம் எழுதாத வரி

தூத்துக்குடிக் கரையில் இப்போது சுக்கான் பிடிக்கும் ஆளே இல்லை. படகில் பொருத்திய தன்னோட்டி தானே வழி பார்த்துப் போய், தானே வழி பார்த்துத் திரும்பியது. அதற்கும், வயலில் உழும் எந்திரத்துக்கும், வானில் பறக்கும் தபாலுக்கும் இடம் காட்டியது 'புவிவிரி' என்ற நிரல். உருண்டைப் பூமியைத் தட்டை வரைபடமாக விரித்துக் கொடுப்பது அதன் வேலை. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், காசு கிடையாது. உலகமே நம்பியிருந்த அதை, காயல்பட்டினத்து உதுமான் என்ற ஒற்றை மனிதர் வேலை போக மிச்ச நேரத்தில் பராமரித்துவந்தார்.

நிரல் எழுதும் ஜெனோவா அவரைத் துரத்திவிட்டுத்தான் அந்தப் பொறுப்புக்கு வந்தாள். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

அவள் கண்ணை உறுத்தியது ஒரே ஒரு வரி. தூத்துக்குடித் துறைமுகத்தின் வாய்ப் பகுதியில் மட்டும் எல்லா இடத்தையும் நாற்பது மீட்டர் கிழக்கே தள்ளிக் காட்டும் வரி. காரணம் எழுதியிருக்கவில்லை. நிரல்காரர்கள் கூடிப் பேசும் இணையப் பொதுப் பலகையில் கேட்டாள். "இப்போதைக்கு இருக்கட்டும்" என்றார் உதுமான். மறுபடி கேட்டாள், நக்கலாகக் கேட்டாள், ஊரைக் கூட்டிக் கேட்டாள். அதே பதில்தான். கடைசியில் பராமரிப்பு யாருக்கு என்று வாக்கெடுப்பு நடந்தது, அவள் ஜெயித்தாள். உதுமான் நிரலை மாற்றும் சாவியை அவளிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார்.

அன்றே வரியை நீக்கினாள். சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். தன்னோட்டிகள் இரவோடு இரவாகப் புது நிரலை இறக்கிக்கொண்டன.

விடியலில் முதலில் கிளம்பியது அவள் தம்பி சிலுவையின் படகு. அமைதியான கடலில் அது நேராகப் போய் அலைதடுப்புக் கல்லில் மோதியது. பின்னால் வந்தவர்கள் பார்த்துப் பதறி நிறுத்திவிட்டார்கள். கல்லுக்கும் படகுக்கும் நடுவில் சிக்கிய அவன் வலது கையை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து ஜெனோவா உதுமானுக்குப் போன் போட்டாள். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அந்தத் தன்னோட்டிப் பெட்டிக்குள்ளயே துறைமுக வாய் தப்பா பதிஞ்சிருக்கும்மா. நாப்பது மீட்டர் கிழக்க. செஞ்சவன் கம்பெனிய இழுத்து மூடிட்டுப் போயிட்டான், உள்ள பதிஞ்சத மாத்த முடியாது. அதான் படகு நிக்கிற இடத்தையும் அதே அளவு கிழக்க தள்ளிக் காட்டுனேன். முள்ள முள்ளால எடுத்தாப்புல."

"எழுதி வச்சிருக்கலாமே அண்ணே?"

"எல்லாரும் படிக்கிற இடம்லா அது? எழுதுன அன்னைக்கே இன்சூரன்ஸ்காரன் அத்தன படகையும் கரையேத்திருப்பான். புதுப் பெட்டி வாங்க எவன்ட்ட இருக்கு?" அவரே தொடர்ந்தார். "இவ்வளவு கேட்டியே, ஒரு தடவ தனியா போன் பண்ணிருந்தா சொல்லிருப்பேனேம்மா."

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. திறந்த நிரல்காரர்களுக்கு எதையும் பொதுவில் கேட்பதுதான் ஒழுக்கம், காதோடு கேட்பது கள்ளத்தனம். அந்த ஒழுக்கம் தம்பியின் கையைத் தின்றுவிட்டது.

வரியை உடனே திரும்பச் சேர்த்தாள். உண்மையையும் சொல்லிவிடத் துடித்தாள். தடுத்தவன் சிலுவைதான்.

"சொல்லிராதக்கா. படகக் கட்டிப்போட்டா ஒத்தக் கைய வச்சி நான் வேற என்ன செய்வேன்? ஊருல ஒருத்தன் எம்மூஞ்சில முழிப்பானா?"

சில மாதங்கள் கழித்துப் பொதுப் பலகையில் பிரேசிலிலிருந்து யாரோ கேட்டார்: "நீக்கிய வரியையே மறுபடி சேர்த்திருக்கிறீர்களே, ஏன்?"

ஜெனோவா வெகுநேரம் யோசித்தாள். பிறகு, "இப்போதைக்கு இருக்கட்டும். தனியாகப் பேசுங்கள், சொல்கிறேன்" என்று எழுதி, அடியில் தன் போன் நம்பரைப் போட்டாள்.

கேள்விக்கு ஆதரவு ஏறிக்கொண்டே போனது. நக்கலும் வந்தது. உதுமானைக் கேலி செய்து அவள் அன்று எழுதியதை ஒருவர் அப்படியே எடுத்து அவளுக்கே போட்டிருந்தார்.

போன் மட்டும் அடிக்கவில்லை. வருகிற திங்கட்கிழமை வாக்கெடுப்பு.