பன்னிரண்டாவது பெட்டி

ரோவெனா எழுதியவை பதினோரு பெட்டிகள். திரையில் பன்னிரண்டு இருந்தன.

மாலை ஐந்துக்குள் அவள் மூன்று மென்பொருள்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வீடியோ கேமில் விளையாடுபவர் எந்தப் பதிலைச் சொன்னால் பேச்சு எந்தப் பக்கம் திரும்பும் என்று கிளை கிளையாக எழுதுவதற்கானது. முதலாவதில் வெறும் எழுத்து. இரண்டாவதில் அட்டவணை. இந்த மூன்றாவதில் ஒவ்வொரு வசனமும் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி கோடு.

மூன்றிலும் ஒரே சோதனைக் காட்சி. யோசிக்கச் சோம்பல்பட்டுத் தன் வீட்டையே எழுதியிருந்தாள். பள்ளிவிட்டு வந்ததும் நாலு மணிக்கு மகள் டில்லி போன் செய்வாள். அது தினமும் நடப்பது. யாரோ கதவைத் தட்டுவதாகச் சொல்வாள். அது மட்டும் கற்பனை. அம்மாவுக்கு மூன்று பதில்கள். திற. திறக்காத. யாருன்னு கேளு. சோதனைதானே என்று மூன்று கோடுகளையும் ஒரே பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தாள்: கதவு திறக்கிறது. வேலையை மிச்சம் பிடிக்க எல்லா எழுத்தாளர்களும் செய்வதுதான். விளையாடுபவர்கள் கண்டுபிடிப்பதில்லை.

பன்னிரண்டாவது பெட்டி ஓரத்தில் தனியாக நின்றது. பேசுபவர் பெயர் இல்லை. வசனம் இல்லை. அழித்தாள்.

"மூணு சட்டையையும் போட்டுப் பாத்துட்டு ஒண்ணுமே வாங்காம போற ஆளுதானே நீ," என்றான் பின்மேசையில் நிரல் எழுதிக்கொண்டிருந்த மிட்ச். "நாளைக்கு ரெண்டு பேர் புதுசா எழுத வர்றாங்க. எதுல எழுதுவாங்க, சுவத்துலயா?"

"வாய மூடு மிட்ச். இதுல ஒரு பெட்டி தானா வருது."

"உன்னைவிட வேகமா எழுதுதுன்னா அதையே வேலைக்கு வெச்சுக்கலாம்."

பழைய காலுறை ஆலையின் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில், தகரக் கூரைமேல் ஜூலைக் குளிர்கால மழை விடாமல் இரைய, ஹீட்டரில் கருகும் தூசியின் வாடை ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடையோடு கலந்து மூக்கில் கனக்க, கீழே சிட்னி ரோட்டில் நிற்கப்போன டிராமின் கீச்சொலி நிற்காமல் நீண்டுகொண்டே போனது. அவள் திரையைப் பார்த்தாள். பெட்டி திரும்பி வந்திருந்தது. முன்பைவிட உள்ளே. அழித்தாள். வந்தது. கதவுப் பெட்டிக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே இப்போது ஒரு கோடு.

போன் அடித்தது. நாலு மணி.

"அம்மா, வந்துட்டேன். டோஸ்ட் போட்டுக்கறேன்."

திரையில் முதல் பெட்டி மஞ்சளாக ஒளிர்ந்தது.

"சரி கண்ணு," என்றாள். இரண்டாவது ஒளிர்ந்தது.

"தடவிக்கற வெஜிமைட் தீந்துபோச்சு. சொன்னா நீ வாங்கவே மாட்டேங்கற."

மூன்றாவது. எழுத்துப் பிசகாமல் அவள் எழுதிய வசனம்.

"அம்மா. யாரோ கதவைத் தட்டறாங்க."

பின்வாசல் வழியாக ஓடு, பக்கத்து வீட்டுக்குப் போ என்று சொல்ல நினைத்தாள். நாக்கு புரளவில்லை. மறுபடி முயன்றாள். காற்றுதான் வந்தது. திரையில் மூன்று பதில்கள் காத்திருந்தன. அவை மட்டும்தான் வாய்க்கு வந்தன.

"திறக்காத."

"நான் திறக்கல அம்மா." கம்பிவலைக் கதவின் கிரீச். "அதுவா திறக்குது."

கதவுப் பெட்டி ஒளிர்ந்தது. பிறகு கோடு. பிறகு பன்னிரண்டாவது.

அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அதே நேரம், காதில், மரியாதையான ஒரு குரல்.

"பாப்பாவைக் கூட்டிட்டுப் போகலாமா?"

கீழே மூன்று பதில்கள் முளைத்தன.

சரி.

சரி.

சரி.

உதடுகளை இறுக்கினாள். நாக்கைக் கடித்தாள். ரத்தத்தின் உப்பு. வாய் திறந்தது.

"சரி."

"அம்மா?" என்றாள் டில்லி.

மிட்ச் எழுந்து வந்து அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். "அட, எங்கயும் சிக்காம ஓடுதே. இதையே எடுத்துக்கலாம்."

போனில், வாசல் பாதையின் சரளைக்கற்கள் நெரிபடும் சத்தம். இரண்டு பேரின் காலடிகள்.

பிறகு ஒருவருடையது.