கத்வின் தாடையில் ஒரு தடம்

அன்னைக்கு சூரியன் உச்சிக்கு வந்தும் மூடுபனி கலையல. ஆடு கத்துறது கேக்குது, ஆட்டைக் காணோம். அந்தப் பனிக்குள்ள இருந்துதான் எடித் ஓடி வந்தா, நாட்டாமை ஆர்ட்கார் வீட்டுக்கு.

"ஐயா, எம் புருஷன் கென்ரெட்டைச் சாயங்காலம் தூக்குல போடப் போறாங்க. மொர்த்துன்னு சொல்லிட்டாங்க."

அந்தக் காலத்து இங்கிலாந்துல சண்டையில ஒருத்தன் செத்தா அது மொர்த் இல்ல. கொன்னவன் பிணத்தை மேற்கே தலையா நேரா கிடத்தணும், செத்தவன் ஈட்டியைப் பக்கத்துல நடணும், முதல்ல வர்ற வீட்டுக் கதவைத் தட்டி "நான்தான்"னு சொல்லணும். அப்புறம் செத்தவன் சொந்தக்காரங்களுக்கு ஈடு கட்டிட்டுப் பொழச்சுக்கலாம். ஒளிச்சாத்தான் மொர்த். அதுக்கு ஈடே கிடையாது, கயிறுதான். ஆதியில அந்தச் சொல்லுக்கு வெறும் சாவுன்னுதான் அர்த்தமாம். நம்ம மரணத்துக்கும் அதுக்கும் ஒரே வேராம். ஒளிவு பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு.

"உம் புருஷன் சொன்னானா?"

"சொன்னாருய்யா! நேத்து சாயங்காலம் காட்டுல கத்வின் ஈட்டியோட பாஞ்சான், இவரு கத்தியால குத்திட்டாரு. முறைப்படி கிடத்திட்டு நடந்தாரு. முதல் வீடு கத்வினோட தம்பி டில்பெர்ட் வீடாப் போச்சு. தாண்டிப் போனா தப்பாச்சே, தட்டிட்டாரு. டில்பெர்ட் எல்லாத்தையும் கேட்டுட்டு 'சரி, போ'ன்னானாம். இப்போ யாருமே வரலைங்குறான். பிணம் பள்ளத்துல, இலைதழைக்கு அடியில கிடந்துச்சு."

நாட்டாமையோட கொழுந்தியா ஹில்டு, சாராயம் காய்ச்சுறவ, எங்க வம்புன்னாலும் முதல் ஆளு. "மாமா, வாங்க போவோம்"னு கிளம்பிட்டா.

"உன் அடுப்பு?"

"அது கொதிக்கட்டும். இங்க ஒரு உசுரு கொதிக்குது."

காட்டுல பனி பால் மாதிரி மிதக்குது. ரெண்டு பேரும் கனவுல நடக்குற மாதிரி நடந்தாங்க. ஓரிடத்துல புல்லு ஒரு ஆள் நீளத்துக்கு, கிழக்கு மேற்கா அமுங்கிக் கிடந்துச்சு. பக்கத்துல ஈட்டி நட்ட குழி.

"கென்ரெட் சொன்னது நெசம்தான்!"னு குதிச்சா ஹில்டு.

"அவனே கிடத்திட்டு அவனே பயந்து ஒளிச்சிருக்கலாம்ல? பிணத்தைப் பாப்போம்."

கத்வின் தூங்குற புள்ள மாதிரி கண்ணு மூடி, வாய் மூடிக் கிடந்தான். ஆர்ட்கார் குனிஞ்சு தாடைக்கு அடியில ரொம்ப நேரம் பாத்தாரு. "ம்"னாரு.

சாயங்காலம் ஓக் மரத்தடியில ஊரே கூடியிருச்சு. பிணத்தையும் அங்க கொண்டாந்து கிடத்தியிருந்தாங்க. கென்ரெட்டைக் கையைக் கயித்தால கட்டி நிறுத்தியிருக்காங்க.

"டில்பெர்ட், உங்கண்ணனை எப்போ பாத்தே?"ன்னு கேட்டாரு ஆர்ட்கார்.

"காலையில, நாய் மோந்து காட்டினப்போதான். விறைச்சுக் கிடந்தான்."

"செத்தவன் வாய் தானா தொறந்துக்கும். இவன் வாய் மூடியிருக்கு. விறைக்குறதுக்கு முன்னாடியே யாரோ தாடையைக் கட்டி, விறைச்சப்புறம் அவிழ்த்திருக்காங்க. கொன்னு ஒளிக்கிறவன் அதைச் செய்வானா? அது சொந்தக்காரன் செய்யுற வேலை. தோல்ல கட்டம் கட்டமா நெசவுத் தடம் இருக்கு. உன் கால்ல சுத்தியிருக்கியே துணிப்பட்டை, அதைக் கொஞ்சம் காட்டு."

"அட, இவங்கம்மா நெய்த பட்டை!"ன்னா ஹில்டு. "இந்தக் கட்டம் வேற யாருக்கும் வராதே!"

டில்பெர்ட் உக்காந்துட்டான். "ஈடு வாங்கிட்டு தினமும் இவன் முகத்துல முழிக்கவா? இவன் தொங்கணும்னுதான் ஒளிச்சேன். ஆனா அண்ணன் வாய் தொறந்து கிடந்துச்சு நாட்டாமை. அப்படியே விட்டுட்டு வர முடியல."

"கொன்னது கென்ரெட். அதை மொர்த் ஆக்கினது நீ"ன்னாரு ஆர்ட்கார். "அவன் ஈடு கட்டுவான். நீ உங்கண்ணனை ஊரறிய எடுத்துட்டுப் போயி அடக்கம் பண்ணு."

கென்ரெட் கட்டை அவிழ்த்தாங்க. அவன் நேரா எடித்கிட்ட போகல. பிணத்தோட தலைமாட்டுல போயி நின்னான். டில்பெர்ட் அவனை உத்துப் பாத்தான். அப்புறம் குனிஞ்சு அண்ணன் பிணத்தோட கால் பக்கம் பிடிச்சான்.

"மெதுவாத் தூக்கு"ன்னான். "தலை பத்திரம்."