நம்பியின் இடது உதடு

நம்பியின் சிரிப்புக்கு விலை இருநூறு ரூபாய். தேவராஜ மொஹல்லாவில் தன் ஜவுளிக்கடையில் அவர் சிரித்துக்கொண்டே விரிக்கும் பட்டுப்புடவை, பக்கத்துக் கடையின் அதே புடவையைவிட அவ்வளவு கூடுதலாகப் போகும். 1996 ஜூலையில் அந்தச் சிரிப்பில் கொப்புளம் விழுந்தது. காலைக் காப்பிக்குப் பிறகு கீழுதட்டின் இடப்பக்கம் வெந்து உரிந்தது. பத்து நாளில் மூன்றாம் முறை.

மனைவி பங்கஜவல்லி சமையல்காரி மாதேவியைக் கையோடு ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தாள். "காப்பில ஏதோ கலக்கறா. உள்ள தள்ளுங்கோ!"

"நானுங்க எதும் போடலீங்க" என்றாள் கொள்ளேகாலத்து மாதேவி. "போலீஸ் புடிச்சுதுன்னா இனி எந்த வீட்டு அடுப்புல என்னைக் கைவைக்க விடுவாங்க?"

சப்-இன்ஸ்பெக்டர் மேதாவுக்கு எரிச்சல். முந்தைய இரண்டு காப்பியையும் லேபுக்கு அனுப்பியாயிற்று. பால், சர்க்கரை, டிகாக்‌ஷன் என்றே பதில் வந்தது. மூன்றாவதை அனுப்பினால் கூடவே பலகாரமும் கேட்பார்கள்.

மறுநாள் காலை எட்டரைக்கு அவளே நம்பியின் வீட்டுக்குப் போனாள். நம்பி வெள்ளித் தம்ளரைத் துண்டால் பிடித்து, இடது உதட்டில் சாய்த்து, நிதானமாக ஊதிக்கொண்டிருந்தார். சவரக் காயத்துக்கு ஒட்டிய பஞ்சு மூன்று இடத்தில். மூன்றும் இடது முகவாயில்.

"காப்பி சுட்டுதா?"

"சுடவேயில்லை. ஊதி ஊதித்தானே குடிக்கறேன். சுடாம வேகறதுன்னா விஷம்தானே?"

"பல்லு?"

"போன மாசம் ஒண்ணு தானா ஆடித்து. பிடுங்கின புண் இன்னும் ஆறலை."

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன்?"

"மூலம்" என்று பங்கஜவல்லி முந்திக்கொண்டாள். "மூணு வருஷமாச்சு. பெங்களூர்ல வெட்டி, கரண்டும் வச்சா. பூரா சரியாயிடுத்து."

மேதா நம்பியைக் கண்ணை மூடச் சொன்னாள். பேனா முனையால் இடது முகவாயில் அழுத்தினாள்.

"எங்க தொட்டேன்?"

"இன்னும் தொடவேயில்லையே!"

முகவாயில் நீலப் புள்ளி பளிச்சென்று இருந்தது.

"மாமி, உதட்டைச் சுட்டது காப்பி இல்லை, தம்ளர் விளிம்பு. ஊதற நேரமெல்லாம் உதட்டுலயே கிடக்கு. கைக்குத் துண்டு கேக்கற சூடு, அவர் உதட்டுக்குத் தெரியலை. அங்க உணர்ச்சியே போயிடுத்து. பிளேடு கீறினதும் தெரியலை. சரி, கரண்ட்னா புற்றுக்கு வைக்கற கதிர்வீச்சு. மூலத்துக்கு யார் அதை வைக்கறா?"

பங்கஜவல்லி புடவைத் தலைப்பைத் திருகினாள். "மலக்குடல்ல புற்று. பொண்ணுக்கு வரன் பாத்துண்டிருந்தோம். ஊருக்கெல்லாம் மூலம்னுட்டோம். பல் டாக்டருக்கும்தான்."

தாடையிலிருந்து சதை எடுத்துப் பார்த்த ஆஸ்பத்திரியும் அதையே சொன்னது. பழைய புற்றுதான், தாடையெலும்பில் குடியேறி நரம்பை நெரித்திருந்தது.

"அங்கேர்ந்து தாடைக்கா?" பங்கஜவல்லிக்கு நம்ப முடியவில்லை.

"ரொம்ப அபூர்வம்" என்றார் டாக்டர். "நாங்க கல்லீரலையும் நுரையீரலையும்தான் தேடுவோம். பழைய கதையைச் சொல்லியிருந்தா பல்லு ஆடினப்பவே பிடிச்சிருக்கலாம்."

மேதா மேஜையைக் குத்தினாள். குற்றவாளி புற்றுதான் என்று தெரியும்; நாலு சாத்து சாத்த வழியில்லை.

கணக்கு இப்படி முடிந்தது: விஷம் இல்லை. ஆள் அகப்பட்டான், கைவிலங்கு மாட்டவில்லை. நம்பிக்கு மறுபடி கரண்ட். மாதேவிக்கு அதே அடுப்பு. தம்ளர் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துத்தான் காப்பியை நீட்டுகிறாள். பங்கஜவல்லி அவளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.